தொழிலாளர் படிக்கும் கல்லூரி: பாடத்தை முடிவு செய்வது யார்?

கடையில் ஒரு சட்டை தொங்குகிறது. அதற்கான பருத்தி ஒரு நாட்டில் விளைந்தது. நூலை இன்னொரு நாட்டில் நூற்றார்கள். துணியை வேறொரு நாட்டு ஆலையில் நெய்தார்கள். அதைத் தைத்த பெண் நான்காவது நாட்டில் இருக்கிறாள். விற்கிற கடையோ ஐந்தாவது நாட்டில் இருக்கிறது!

ஒரு சட்டைக்கு ஐந்து நாட்டு உழைப்பு. ஆனால் அந்த ஐந்து நாட்டுத் தொழிலாளர்களும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. ஒருவர் பேசும் மொழி மற்றவருக்குப் புரியாது. ஒருவர் வாங்கும் கூலி மற்றவருக்குத் தெரியாது. சட்டையை விற்கும் கம்பெனிக்கு மட்டும் எல்லாம் தெரியும். எந்த நாட்டில் கூலி குறைவு, எந்த நாட்டில் சட்டம் தளர்வு என்று அது கணக்குப் போட்டு வைத்திருக்கிறது.

இந்தத் தொழிலாளர்களை ஒரே மேஜையைச் சுற்றி உட்கார வைத்தால் என்ன? அவர்கள் தங்களுக்குள் பேசி, ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொண்டால் என்ன?

அதற்காகவே உலகில் சில கல்லூரிகளும் வகுப்புகளும் நடக்கின்றன. தொழிற்சங்க ஊழியர்களுக்கான சர்வதேசப் பயிற்சி என்று அதற்குப் பெயர். பட்டம் வாங்கி உத்தியோகம் தேடுவதற்கான படிப்பு அல்ல இது. படித்து முடித்தவர் தம் ஆலைக்கே திரும்ப வேண்டும். தம் தோழர்களுக்குப் பயன்பட வேண்டும்.

போ நதிக்கரையில் ஒரு வளாகம்

இத்தாலி நாட்டின் வடபகுதியில் டூரின் என்ற நகரம் இருக்கிறது. மோட்டார் கார் தொழிலுக்குப் பெயர் போன ஊர். அதன் வழியாகப் போ நதி ஓடுகிறது. இத்தாலி ஒன்றுபட்டு நூறு ஆண்டு நிறைந்ததைக் கொண்டாட, 1961-ல் அந்த நதிக்கரையில் பெரிய பொருட்காட்சி ஒன்று நடந்தது. அழகிய கட்டடங்கள் எழுந்தன. பொருட்காட்சி முடிந்தது. கட்டடங்களை என்ன செய்வது?

சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் அந்த இடத்தில் ஒரு பயிற்சி நிலையம் வைக்க முன்வந்தது. இத்தாலிய சர்க்கார் கை கொடுத்தது. 1964-ல் நிலையம் நிறுவப்பட்டது. 1965-ல் வகுப்புகள் தொடங்கின.

சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் என்பது என்ன? முதல் உலக யுத்தம் முடிந்ததும், 1919-ல் பிறந்த அமைப்பு அது. தலைமை நிலையம் ஸ்விட்சர்லாந்தில் ஜெனீவா நகரில் இருக்கிறது. மற்ற உலக சபைகளில் சர்க்கார்கள் மட்டுமே பேசும். இங்கே அப்படி அல்ல. ஆண்டுதோறும் நடக்கும் மாநாட்டுக்கு ஒவ்வொரு நாடும் நான்கு பிரதிநிதிகளை அனுப்பலாம். இருவர் சர்க்கார் தரப்பு. ஒருவர் முதலாளி தரப்பு. ஒருவர் தொழிலாளி தரப்பு. நான்கு பேருக்கும் தனித்தனி ஓட்டு உண்டு. சர்க்கார் ஒரு பக்கம் ஓட்டுப் போட, அதே நாட்டுத் தொழிலாளர் பிரதிநிதி எதிர்ப்பக்கம் ஓட்டுப் போடலாம்!

டூரின் நிலையத்தில் சர்க்கார் அதிகாரிகளும் படிக்கிறார்கள். முதலாளிமார் சங்கத்தினரும் படிக்கிறார்கள். தொழிற்சங்கத்தினருக்கு என்று தனிப் பிரிவு இருக்கிறது. வளாகத்திலேயே தங்கும் அறைகளும் சாப்பாட்டு வசதியும் உண்டு. ஆப்பிரிக்கச் சுரங்கத் தொழிலாளியும், ஆசியத் தையல் தொழிலாளியும், தென் அமெரிக்கத் தோட்டத் தொழிலாளியும் ஒரே வகுப்பில் உட்காருவது அங்கே புதுமை அல்ல.

மாணவர்கள் செய்த வேலை நிறுத்தம்

தொழிலாளருக்குக் கல்லூரி வைப்பது என்ற எண்ணம் டூரினில் பிறந்தது அல்ல. 1899-லேயே இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு நகரில் ரஸ்கின் கல்லூரி தொடங்கப்பட்டது. அதைத் தொடங்கியவர்கள் அமெரிக்காவிலிருந்து வந்த வ்ரூமன் தம்பதிகளும், சார்லஸ் பியர்டு என்ற இளைஞரும். பள்ளிப் படிப்பை இடையில் விட்ட தொழிலாளர்கள் அங்கே சேர்ந்தார்கள்.

பத்தாண்டு சென்றது. 1909-ல் அந்தக் கல்லூரியில் ஒரு விசித்திரம் நடந்தது. மாணவர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள்! பாடம் கேட்க மறுத்தார்கள்.

காரணம் என்ன? சாப்பாடு சரியில்லையா? பரீட்சை கஷ்டமா? இரண்டும் இல்லை. எதைப் படிப்பது என்பதில்தான் தகராறு. பல்கலைக்கழகத்துப் பெரியவர்கள் சொல்லும் பொருளாதாரம் மட்டும் போதாது. தொழிலாளியின் கண்ணோட்டத்தில் பொருளாதாரம் வேண்டும் என்றார்கள் மாணவர்கள். அவர்களுக்குப் பரிவாக இருந்த கல்லூரித் தலைவர் டென்னிஸ் ஹர்டு பதவியிலிருந்து நீக்கப்பட்டார். மாணவர்கள் பொங்கி எழுந்தார்கள். மத்தியத் தொழிலாளர் கல்லூரி என்று தனிக் கல்லூரியே கண்டார்கள். பிறகு அது லண்டனுக்குப் போயிற்று. தெற்கு வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர் சங்கமும் ரயில்வேத் தொழிலாளர் சங்கமும் அதைத் தாங்கி நின்றன.

அந்தக் கல்லூரிக்கு 1919-ல் ஒரு சுரங்கத் தொழிலாளி வந்து சேர்ந்தார். சங்கம் கொடுத்த உபகாரச் சம்பளத்தில் இரண்டு ஆண்டு படித்தார். பதின்மூன்று வயதில் பள்ளியை விட்டவர். பேசும்போது நாக்குத் திக்கும். அவர் பெயர் அனூரின் பெவன். பின்னாளில் பிரிட்டனின் சுகாதார மந்திரியானார். ஏழை, பணக்காரர் என்ற பேதம் இல்லாமல் எல்லோருக்கும் வைத்தியம் கிடைக்கும் தேசிய சுகாதாரத் திட்டத்தை 1948-ல் கொண்டு வந்தவர் அவரே.

ரஸ்கின் கல்லூரியும் தொடர்ந்து நடந்தது. வெளிநாட்டுத் தொழிலாளர்களும் அங்கே வந்து படித்தார்கள். கென்யா நாட்டுத் தொழிற்சங்கத் தலைவர் டாம் ம்போயா அவர்களில் ஒருவர். 1955-ல் அங்கே சேர்ந்தார். பின்னர் தம் நாட்டில் மந்திரியானார்.

பணம் கொடுத்தவர் கை

இப்படி நல்லபடியாக வளர்ந்த தொழிலாளர் கல்விக்கு ஒரு சோதனை வந்தது. இரண்டாம் உலக யுத்தம் முடிந்ததும், 1945-ல், உலகத் தொழிற்சங்க சம்மேளனம் தோன்றியது. எல்லாத் தொழிலாளரும் ஒரே குடையின் கீழ் என்பது நோக்கம். நான்கே ஆண்டில் குடை கிழிந்தது. அமெரிக்கா ஒரு பக்கம், ருஷ்யா ஒரு பக்கம் என்று உலகம் பிரிந்தபோது சங்கங்களும் பிரிந்தன. 1949-ல் சுதந்திரத் தொழிற்சங்க சர்வதேச சம்மேளனம் தனியாகப் புறப்பட்டது.

இரு தரப்பும் கல்லூரிகளைத் திறந்தன. புதிய சம்மேளனம் 1952-ல் கல்கத்தாவில் ஆசியத் தொழிற்சங்கக் கல்லூரியைத் தொடங்கியது. ஆப்பிரிக்கர்களுக்காக 1958-ல் உகாண்டாவின் கம்பாலா நகரில் இன்னொரு கல்லூரி வந்தது. எதிர்த்தரப்பில் மாஸ்கோவிலும், கிழக்கு ஜெர்மனியில் பெர்லினுக்கு அருகே பெர்னாவிலும் வெளிநாட்டுத் தொழிற்சங்கத்தினருக்குப் பயிற்சி நடந்தது. விமானச் செலவு இலவசம்! தங்குமிடம் இலவசம்!

இலவசம் என்றால் சந்தேகம் வர வேண்டும் அல்லவா? அமெரிக்கத் தொழிற்சங்கத்தினர் 1962-ல் லத்தீன் அமெரிக்கர்களுக்காக ஒரு பயிற்சி நிலையம் தொடங்கினார்கள். அதன் செலவில் பெரும் பகுதியை அமெரிக்க சர்க்கார் கொடுத்தது. நிர்வாகக் குழுவில் பெரிய கம்பெனிக்காரர்களும் இருந்தார்கள். 1964-ல் பிரேசில் நாட்டில் ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. தங்களிடம் பயின்று திரும்பிய சிலருக்கு அதில் பங்கு உண்டு என்று அந்த நிலையத்தின் அதிகாரி ஒருவரே பேசினார். தொழிலாளருக்கு என்று தொடங்கிய படிப்பு, யாருக்கோ பயன்பட்டுப் போயிற்று!

அந்தப் பிளவு முழுவதும் தீர்ந்துவிடவில்லை. ஆனால் 2006-ல் சுதந்திரத் தொழிற்சங்க சம்மேளனமும், கிறிஸ்தவச் சங்கங்களிலிருந்து வளர்ந்த உலகத் தொழிலாளர் சம்மேளனமும் வியன்னா நகரில் ஒன்றாக இணைந்தன. பழைய கசப்பிலிருந்து கிடைத்த பாடம் மட்டும் நிலைத்து நிற்கிறது. பணம் எங்கிருந்தும் வரலாம். பாடத்தையும் மாணவரையும் முடிவு செய்வது சங்கமாகத்தான் இருக்க வேண்டும்.

டூரினில் இதற்கு ஒரு வழி செய்திருக்கிறார்கள். தொழிற்சங்க வகுப்புகளுக்கு வருகிறவர்களை அந்தந்த நாட்டுச் சங்கங்களே சிபாரிசு செய்கின்றன. சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனத்தில் உள்ள தொழிலாளர் குழுவின் ஒப்புதலும் வேண்டும். சர்க்காரோ முதலாளியோ தமக்கு வேண்டியவரை உள்ளே நுழைக்க முடியாது.

யாரை அனுப்புவது?

சங்கம் தேர்ந்தெடுத்தால் மட்டும் போதுமா? அங்கும் கோளாறு வரலாம். வெளிநாட்டுப் பயணம் என்றதும் தலைவரே பெட்டியைக் கட்டிக்கொண்டு புறப்படுவது உண்டு. சென்ற ஆண்டு போனவரே இந்த ஆண்டும் போவார். இங்கிலீஷ் தெரிந்தவருக்கே இடம் என்றால், ஆலையில் நாள் முழுதும் நிற்பவருக்கு வாய்ப்பு ஏது?

ஆகையால் திட்டம் போடுகிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: திரும்பி வந்து இவர் என்ன செய்யப் போகிறார்? பாதுகாப்புக் குழுவில் இருப்பவருக்குப் பாதுகாப்புப் பயிற்சி. கூலிப் பேச்சு நடத்துபவருக்குக் கணக்குப் பயிற்சி. இப்படிப் பொருத்திப் பார்த்து அனுப்பினால்தான் படிப்பு பயன்படும்.

மொழிக்கும் ஏற்பாடு வேண்டும். மொழிபெயர்ப்பாளர்கள் கண்ணாடி அறையில் உட்கார்ந்து பேச, மாணவர்கள் காதில் கருவி வைத்துத் தங்கள் மொழியில் கேட்பது ஒரு முறை. ஒரே மொழிக்காரர்களைச் சேர்த்து, அவர்கள் நாட்டுக்கு அருகிலேயே வகுப்பு வைப்பது இன்னொரு முறை. செலவும் குறையும்.

பெண்களுக்கு வேறு சங்கடங்கள் உண்டு. கைக்குழந்தையை யாரிடம் விடுவது? மாதக்கணக்கில் வீட்டை விட்டு எப்படி வருவது? ஆகவே வகுப்பின் காலத்தைச் சுருக்கி, நேரத்தை மாற்றி அமைத்தால்தான் பெண்கள் வருவார்கள். அதைச் செய்யாமல், "பெண்கள் வரவில்லை" என்று சொல்லிப் பயனில்லை.

சம்பளம் போய்விட்டால்? வகுப்புக்குப் போனால் வீட்டில் உலை எரிய வேண்டாமா? இதற்காகவே 1974-ல் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 140-ம் எண் ஒப்பந்தத்தை நிறைவேற்றியது. படிப்பதற்குச் சம்பளத்தோடு லீவு தர வேண்டும் என்பது அதன் சாரம். தொழில் கற்பதற்கு மட்டும் அல்ல, தொழிற்சங்கக் கல்விக்கும் அந்த லீவு உண்டு என்று அதில் எழுதியிருக்கிறது. அதை ஏற்றுக் கையெழுத்திட்ட நாடுகளை அது கட்டுப்படுத்தும்.

மேடை இல்லாத வகுப்பு

இந்த வகுப்புகளில் வாத்தியார் மேடையில் நின்று பிரசங்கம் செய்தால் எடுபடாது. இருபது ஆண்டு தறி ஓட்டியவருக்குத் தறியைப் பற்றி யார் சொல்லிக் கொடுப்பது? அவரே சொல்ல வேண்டும். மற்றவர்கள் கேட்க வேண்டும்.

ஸ்வீடன் நாட்டில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதற்கு ஒரு முறை கண்டார்கள். பத்துப் பேர் வட்டமாக உட்காருவார்கள். ஒரு புத்தகத்தையோ ஒரு பிரச்சினையையோ எடுத்துக்கொள்வார்கள். எல்லோரும் பேசுவார்கள். வாத்தியார் இல்லை, வழிகாட்டி மட்டுமே. படிப்பு வட்டம் என்று அதற்குப் பெயர். பின்னர் அது பல நாடுகளுக்குப் பரவியது.

நாடகமும் உண்டு. வகுப்பில் பாதிப் பேர் முதலாளி ஆவார்கள். மீதிப் பேர் தொழிலாளி. கூலி உயர்வுக்குப் பேச்சு நடக்கும். "லாபம் இல்லை" என்பார் முதலாளி வேடம் போட்டவர். உடனே தொழிலாளி தரப்பு கம்பெனியின் வரவு செலவுக் கணக்கை எடுத்துக் காட்ட வேண்டும். கணக்கைப் படிக்கத் தெரியாவிட்டால் வாய் அடைத்துப் போகும்! அடுத்த நாள் வேடத்தை மாற்றிக்கொள்வார்கள். எதிர்த்தரப்பின் கஷ்டமும் தந்திரமும் அப்போது புரியும்.

விரிசல் கண்ட சுவர்

இதெல்லாம் பொழுதுபோக்கு என்று நினைக்க வேண்டாம். இந்த அறிவு இல்லாவிட்டால் உயிரே போகும்.

பங்களாதேஷில், டாக்கா நகருக்கு அருகே சாவர் என்ற ஊர். அங்கே ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம். அதில் ஐந்து தையல் ஆலைகள். வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு உடை தைத்து அனுப்பின. 2013 ஏப்ரல் 23-ந் தேதி சுவரில் விரிசல் தெரிந்தது. கீழ்த்தளத்துக் கடைகளையும் பாங்கியையும் மூடிவிட்டார்கள். தையல் தொழிலாளர்களை மட்டும் மறுநாள் வேலைக்கு வரச் சொன்னார்கள். வராவிட்டால் சம்பளம் போய்விடும் என்ற பயம். வந்தார்கள். காலையில் கட்டடம் இடிந்து விழுந்தது. 1,100-க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். பெரும்பாலோர் பெண்கள்.

விரிசல் எல்லோர் கண்ணிலும் பட்டது. "இந்தக் கட்டடத்துக்குள் போக மாட்டோம்" என்று ஒன்றாகச் சொல்ல அவர்களுக்கு ஒரு சங்கம் இல்லை. தனி ஆளாகச் சொன்னால் வேலை போகும்.

அடுத்த மாதமே, சர்வதேசத் தொழிற்சங்க அமைப்புகள் இரண்டும், பங்களாதேஷ் சங்கங்களும், வெளிநாட்டு உடைக் கம்பெனிகளும் சேர்ந்து ஓர் ஒப்பந்தம் செய்தன. அது சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். இன்ஜினீயர்கள் ஆலைகளைச் சோதிக்க வேண்டும். ஆபத்தான கட்டடத்துக்குள் போக மறுக்கத் தொழிலாளிக்கு உரிமை உண்டு. ஆலைதோறும் பாதுகாப்புக் குழு வேண்டும். அந்தக் குழுவுக்குப் பயிற்சி தர வேண்டும். கதவு பூட்டியிருக்கிறதா, தீ பிடித்தால் எந்த வழியாக இறங்குவது, புகாரை யாரிடம் கொடுப்பது என்று தொழிலாளர்கள் கற்றார்கள். உரிமை காகிதத்தில் இருந்தால் போதாது. அதைத் தைப்பவள் தெரிந்துகொண்டு, தோழியோடு சேர்ந்து சொல்ல வேண்டும்.

ஜெனீவாவுக்குப் போன வீட்டு வேலைக்காரப் பெண்கள்

ஆலைத் தொழிலாளருக்காவது ஒரு வாசல் உண்டு, அங்கே கூடலாம். பிறர் வீட்டில் பாத்திரம் துலக்கி, துணி துவைத்து, குழந்தை வளர்க்கும் பெண்கள் எங்கே கூடுவது? ஒவ்வொருத்தியும் ஒரு வீட்டில் தனியாக. அவர்களுக்கும் சங்கமா என்று சிரித்தவர்கள் உண்டு.

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் மிர்ட்டில் விட்பூய் என்ற பெண் வீட்டு வேலை செய்துவந்தார். 1960-களில் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். வீட்டு வேலை செய்கிறவர்களை மட்டும் ஏன் வேறாக நடத்துகிறீர்கள் என்று அதில் கேட்டார். அந்தக் கடிதத்திலிருந்து கூட்டம் பிறந்தது. கூட்டத்திலிருந்து சங்கம் பிறந்தது.

மற்ற நாடுகளிலும் இத்தகைய பெண்கள் சங்கம் கண்டார்கள். 2006-ல் ஆம்ஸ்டர்டாம் நகரில் கூடினார்கள். பிறகு சர்வதேச அளவில் ஒரு கூட்டமைப்பை உண்டாக்கினார்கள். ஒரே குறிக்கோள்: வீட்டு வேலையும் வேலையே என்று உலகச் சட்டம் சொல்ல வேண்டும்.

அதற்கு எப்படித் தயாரானார்கள்? ஜெனீவா மாநாட்டில் ஓர் ஒப்பந்தம் இரண்டு ஆண்டு விவாதத்துக்கு வரும். அதற்கு முன்பே சர்க்கார்களையும் சங்கங்களையும் கேள்வித்தாள் அனுப்பிக் கருத்துக் கேட்பார்கள். இந்த நடைமுறையைப் பெண்கள் தெரிந்துகொண்டார்கள். வேலை நேரம், வார ஓய்வு, சம்பளம், தங்கும் இடம் என்று தங்கள் கோரிக்கைகளைத் தொகுத்து எழுதினார்கள். சொந்த நாட்டுத் தொழிற்சங்கத் தலைவர்களையும் அதிகாரிகளையும் பார்த்துப் பேசினார்கள். 2010-லும் 2011-லும் ஜெனீவாவுக்கே போனார்கள்.

2011 ஜூன் 16-ந் தேதி ஓட்டு எடுத்தார்கள். ஆதரவு 396. எதிர்ப்பு 16. நடுநிலை 63. வீட்டுத் தொழிலாளருக்கான 189-ம் எண் ஒப்பந்தம் நிறைவேறியது! முதன்முதலில் அதை ஏற்ற நாடு உருகுவே. அந்த நாட்டின் தலைநகரில் 2013-ல் கூடிய பெண்கள், தங்கள் கூட்டமைப்பை உலக சம்மேளனமாக உயர்த்தினார்கள். அதன் முதல் தலைவி யார் தெரியுமா? பத்திரிகைக்குக் கடிதம் எழுதிய மிர்ட்டில் விட்பூய்தான்! 2023-ல் அவர் காலமானார்.

திரும்பி வந்த பிறகு

பயிற்சி முடிந்தது. சான்றிதழ் கிடைத்தது. படமும் எடுத்தாயிற்று. அதோடு முடிந்துவிட்டால், அந்தச் செலவு ஆற்றில் கரைத்த புளிதான்.

ஆகவே நல்ல பயிற்சித் திட்டத்தில் கடைசி வேலை ஒன்று வைப்பார்கள். ஊர் திரும்பியதும் என்ன செய்யப் போகிறேன் என்று ஒவ்வொருவரும் எழுதிக் கொடுக்க வேண்டும். எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுப்பேன், எந்த மாதத்தில், எந்த இடத்தில் என்று திட்டமாக எழுத வேண்டும். சில மாதம் கழித்துக் கடிதம் வரும்: எழுதியதைச் செய்தீர்களா?

ஒருவர் கற்றதை நூறு பேருக்கு எடுத்துச் செல்லும் முறை இந்தியாவுக்கும் தெரிந்ததே. 1958-ல் இந்திய சர்க்கார் தொழிலாளர் கல்வி வாரியம் அமைத்தது. தலைமை நிலையம் நாகபுரி. வாரியம் முதலில் கல்வி அதிகாரிகளுக்குப் பயிற்சி தந்தது. அவர்கள் ஆலைகளிலிருந்து வந்த தொழிலாளர் சிலரை ஆசிரியர்களாக்கினார்கள். அந்தத் தொழிலாளி ஆசிரியர்கள் தத்தம் ஆலைக்குத் திரும்பி, உடன் வேலை செய்வோருக்கு வகுப்பு நடத்தினார்கள். அகல் விளக்கு ஒன்றிலிருந்து ஒன்றாக ஏற்றுவது போல!

டூரினுக்குப் போகிறவர்கள் சிலரே. உலகத்தில் உழைப்பவர்கள் கோடிக்கணக்கானோர். அத்தனை பேரும் விமானம் ஏற முடியாது. ஏற வேண்டியதும் இல்லை. போய் வந்தவர் ஆலை வாசலில், சாப்பாட்டு இடைவேளையில், நாலு பேரைச் சுற்றி உட்கார வைத்துச் சொன்னால் போதும். சங்கத்தில் இருப்பவர்களும் ஒன்று செய்யலாம். போய் வந்தவரைப் பார்த்து, "என்ன கற்று வந்தீர்கள்? எங்களுக்கு எப்போது வகுப்பு?" என்று கேட்கலாம். அந்தக் கேள்வியைக் கேட்க எந்தப் பட்டமும் வேண்டாம்.